38 நானோமீட்டருக்கு ஒரு கோடு: ட்ரோபோனினும் அதைத் தேடிப் போன ஆன்டிபாடிகளும்

போன வருஷம் ஒரு ராத்திரி, சாப்பிட்டுப் படுத்த அப்பா திடீரென்று எழுந்து உட்கார்ந்து, நெஞ்சை ஏதோ அழுத்துகிற மாதிரி இருக்கு என்றார். வயசு எழுபதைத் தாண்டியாச்சு. யோசிக்க நேரம் இல்லை. பக்கத்தில் இருந்த சின்ன கிளினிக்குக்கு ஓடினோம். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு தாள் வந்தது. ட்ரோபோனின் ஐ: 0.02. எதற்கும் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிடுங்க என்று அனுப்பிவைத்தார்கள். அங்கே மறுபடியும் அதே பெயரில் ஒரு டெஸ்ட். இந்தத் தடவை தாளில் இருந்த எண் 17.

தம்பி ரெண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். முகம் வெளுத்துப் போச்சு. "அண்ணா, 0.02 இருந்தது 17 ஆயிடுச்சு!"

டியூட்டி டாக்டருக்கு இது பழகிப்போன கேள்வி போல. பொறுமையாகச் சொன்னார். "சார், அது ஒரு மில்லிக்கு எத்தனை நானோகிராம்னு போட்டிருக்கு. இது ஒரு லிட்டருக்கு. அதை லிட்டருக்கு மாத்தினா 20 வரும். ஆனா 20 லேருந்து 17 ஆ குறைஞ்சுடுச்சுன்னும் சந்தோஷப்படாதீங்க. அந்த கிட் வேற, இந்த கிட் வேற. உள்ள இருக்கற ஆன்டிபாடியே வேற. மூணு மணி நேரம் கழிச்சு இதே மெஷின்ல இன்னொரு தடவை பார்ப்போம். அப்பதான் அதுக்கு அர்த்தம்."

மூணு மணி நேரம் கழித்தும் எண் ஏறவில்லை. ஈசிஜியிலும் மாற்றம் இல்லை. விடிந்ததும் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். செரிமானக் கோளாறு என்று முடிந்தது. ஆனால் "உள்ள இருக்கற ஆன்டிபாடியே வேற" என்ற அந்த ஒரு வாக்கியம் எனக்குள் தங்கிவிட்டது. ஒரே புரதத்தை அளக்க எதற்கு வேற வேற ஆன்டிபாடி? இந்த ட்ரோபோனின் யார்? அதைக் கண்டுபிடித்தது யார்? அன்றிலிருந்து படித்துச் சேர்த்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

குழாய்த் தண்ணீரில் இருந்த ரகசியம்

கதை லண்டனில், ஒரு தவளையின் இதயத்தில் ஆரம்பிக்கிறது. சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், உடலுக்கு வெளியே எடுத்த தவளை இதயத்தை உப்புக் கரைசலில் வைத்து எவ்வளவு நேரம் துடிக்க வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். 1882இல் நல்ல முடிவு கிடைத்ததாக எழுதினார். பிறகுதான் தெரிந்தது, காய்ச்சி வடித்த நீர் என்று அவர் நினைத்தது உண்மையில் லண்டன் நகரக் குழாய்த் தண்ணீர் என்று. சரியான வடிநீரில் கரைசலைத் தயாரித்தபோது இதயம் சோர்ந்து நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்து, வடிநீரில் இல்லாமல் போன ஒன்று இருக்கிறது. அதுதான் கால்சியம். 1883இல் தன் தவறை அவரே எழுதித் திருத்தினார். இன்றும் சலைன் பாட்டில்களில் "ரிங்கர்ஸ்" என்று பார்க்கிறோமே, அந்த ரிங்கர் இவர்தான்.

இதற்குப் பிறகு, தசை சுருங்குவதற்குக் கால்சியம்தான் காரணம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைப்போம். அதுதான் இல்லை. 1947இல் ஹைல்பிரன், வியர்சின்ஸ்கி என்ற இருவர் தவளைத் தசை இழைக்குள் பல உப்புகளை ஊசி வழியாகச் செலுத்திப் பார்த்து, கால்சியம்தான் இழையைச் சுருங்க வைக்கிறது என்று காட்டினார்கள். அதையும் பெரும்பாலான உயிர்வேதியியலாளர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏன்? அவர்களிடமும் ஒரு நியாயம் இருந்தது. 1940களில் ஹங்கேரியின் செகெட் நகரில் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியின் குழு, தசையிலிருந்து மையோசின், ஆக்டின் என்ற இரண்டு புரதங்களைப் பிரித்தெடுத்திருந்தது. ஆக்டினைப் பிரித்தவர் அந்தக் குழுவில் இருந்த ஸ்ட்ரவுப். இரண்டையும் கலந்து இழையாக்கி ஏடிபி ஊற்றினால், சோதனைக் குழாய்க்குள்ளேயே அது சுருங்கியது. உயிர் இல்லாத இடத்தில் உயிரின் அசைவு! ஆக்டின், மையோசின், ஏடிபி இந்த மூன்றும் போதும் என்றால் கால்சியத்துக்கு அங்கே என்ன வேலை? எலும்பிலும் சுண்ணாம்பிலும் இருக்கிற ஒரு சாதாரண உப்பு, இவ்வளவு நுட்பமான வேலையைச் செய்யுமா? இதுதான் அன்றைய மனநிலை.

சுத்தமாக்க ஆக்க மறைந்துபோன ஒன்று

இந்த இடத்தில்தான் ஜப்பானியர் ஒருவர் வருகிறார். செட்சுரோ எபாஷி. 1922இல் பிறந்தவர், மருத்துவம் படித்தவர், டோக்கியோ பல்கலைக்கழகத்தின் மருந்தியல் துறையில் வேலை பார்த்தவர். தசை எப்படிச் சுருங்குகிறது என்று எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், அவருடைய துறை கேட்ட கேள்வி வேறு: சுருங்கிய தசை எப்படித் தளர்கிறது?

தசைச் சாறில் ஏதோ ஒன்று தசையைத் தளர வைக்கிறது என்று தெரிந்திருந்தது. அது கரைந்திருக்கிற பொருள் அல்ல, செல்லுக்குள் இருக்கும் நுண்பைகள் என்று எபாஷியும் அவருடைய சகாக்களும் 1955இல் காட்டினார்கள். பிறகு நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஃபிரிட்ஸ் லிப்மனிடம் வேலை பார்த்தபோது, அந்தப் பைகள் கால்சியத்தை உள்ளே இழுத்துக்கொள்கின்றன என்று கண்டார். ஜெர்மனியில் ஹாசல்பாக்கும் மகினோசேயும் தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள். அன்னமேரி வெபர் என்ற விஞ்ஞானி, மிகமிகக் கொஞ்சம் கால்சியமே போதும் என்பதைத் தன் அளவீடுகளால் நிறுவிக்கொண்டிருந்தார்.

எவ்வளவு கொஞ்சம் என்று கேட்டால், ஆச்சரியமாக இருக்கும். தளர்ந்திருக்கும் தசைச் செல்லுக்குள் கட்டுப்படாமல் திரியும் கால்சியம் லிட்டருக்கு 0.1 மைக்ரோமோல் அளவுதான். ஒன்று, பத்து மைக்ரோமோல் என்று ஏறினால் தசை சுருங்கிவிடும். கண்ணாடிக் குடுவையிலும் தண்ணீரிலும் மற்ற ரசாயனங்களிலும் ஒட்டிக்கொண்டு வருகிற கால்சியமே அந்த அளவுக்கு இருக்கும்! "நாங்கள் கால்சியம் சேர்க்கவே இல்லை, ஆனாலும் சுருங்குகிறதே" என்று சொன்னவர்களின் குழாய்க்குள் கால்சியம் ஏற்கெனவே குடியிருந்தது. ரிங்கரின் குழாய்த் தண்ணீர்க் கதை 70 வருஷம் கழித்து மறுபடியும் நடந்திருக்கிறது.

சரி, ஒட்டிக்கொண்டு வரும் கால்சியத்தையும் பிடித்து அகற்றிவிட்டால்? அங்கேதான் இரண்டாவது முடிச்சு. தசையிலிருந்து அப்படியே எடுத்த ஆக்டோமையோசின் கால்சியத்துக்குக் கட்டுப்பட்டது: இருந்தால் சுருங்கும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். ஆனால் ஆக்டினையும் மையோசினையும் தனித்தனியாக நன்றாகச் சுத்தம் செய்து கலந்தால், கால்சியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது சுருங்கியது. சுத்தம் செய்யச் செய்ய கட்டுப்பாடு காணாமல் போனது.

அப்படியென்றால் நாம் அழுக்கு என்று கழுவிக் கொட்டியதில்தான் விஷயம் இருக்கிறது! 1963இல் எபாஷி நேச்சர் இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். ஆக்டின், மையோசின் தவிர மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்றார். அவருடைய மனைவி ஃபுமிகோ எபாஷியும் இந்த வேலையில் பங்கெடுத்த விஞ்ஞானி. 1964இல் இருவர் பெயரிலும் விரிவான கட்டுரை வந்தது. அந்த மூன்றாவது ஆள், கேம்பிரிட்ஜில் கென்னத் பெய்லி 1946இலேயே பிரித்தெடுத்திருந்த ட்ரோபோமையோசினைப் போலவே இருந்தது. ஆனால் பெய்லியின் முறையில் எடுத்த ட்ரோபோமையோசினைச் சேர்த்தால் கால்சியக் கட்டுப்பாடு திரும்பவில்லை. மென்மையான முறையில் எடுத்ததைச் சேர்த்தால் மட்டும் திரும்பியது. ஆக, அதோடு இன்னொன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. 1965இல் எபாஷியும் அயாகோ கொடாமாவும் அந்த இன்னொன்றைத் தனியாகப் பிரித்தார்கள். அதற்கு வைத்த பெயர்தான் ட்ரோபோனின்.

இன்று நமக்குத் தெரிந்த படம் இது. ஆக்டின் மணிகள் கோத்த மெல்லிய இழை. அதன் மேல் கயிறு மாதிரி ட்ரோபோமையோசின். மையோசின் வந்து பிடிக்க வேண்டிய இடங்களை அந்தக் கயிறு மறைத்துக்கொண்டிருக்கிறது. கயிற்றைப் பிடித்து வைத்திருப்பது ட்ரோபோனின். கால்சியம் வந்து ட்ரோபோனினில் உட்கார்ந்தால் அதன் வடிவம் மாறும், கயிறு நகரும், மையோசின் பிடித்து இழுக்கும், தசை சுருங்கும். கால்சியம் பைக்குள் திரும்பிப் போனால் கயிறு பழைய இடத்துக்கு வரும். நீங்கள் இந்தக் கட்டுரையை மேலே தள்ளும் விரலிலும், படித்துக்கொண்டிருக்கும்போதே துடிக்கும் இதயத்திலும் இதுதான் நடக்கிறது.

புரதத்தை எப்படிப் பார்ப்பது?

ஆனால் 1965இல் இந்தப் படம் யாரிடமும் இல்லை. குழாய்க்குள் சேர்த்தால் ஒரு விளைவு வருகிறது, அவ்வளவுதான் தெரியும். அந்தப் புரதம் தசைக்குள் எங்கே இருக்கிறது? இழை முழுக்கப் பூசியிருக்கிறதா, ஒரு முனையில் மட்டுமா? உண்மையிலேயே இழையில்தான் இருக்கிறதா, இல்லை, அரைக்கும்போது எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டதா? சந்தேகப்படுபவர்களுக்கு இடம் இருந்தது.

இதற்குப் பதில் சொல்லத்தான் ஆன்டிபாடி வந்தது. பாடப்புத்தகத் தமிழில் எதிர்ப்பொருள். நம் உடலுக்குள் அந்நியமான ஒன்று வந்தால், அதன் மேல்பரப்பில் ஒரு சின்னப் பகுதியைப் பார்த்து, அதற்குப் பொருந்துகிற மாதிரி உடல் செய்துகொள்கிற புரதம். 1890இல் பெர்லினில் பேரிங்கும் கிட்டசாட்டோவும் தொற்றிலிருந்து காப்பாற்றும் சீரமாக அறிந்ததன் சாரம் இதுதான். 1940களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் ஆல்பர்ட் கூன்ஸ் இதை வேறு மாதிரி யோசித்தார். ஒரு பொருளை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆளின் கையில் விளக்கைக் கொடுத்து அனுப்பினால் என்ன? ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயத்தைப் பிணைத்தார். திசுவின் மேல் ஊற்றிக் கழுவினார். நுண்ணோக்கியில் எங்கே ஒளிர்கிறதோ, தேடிய பொருள் அங்கே இருக்கிறது. 1950களில் ஹோவர்ட் ஹோல்ட்ஸரும் கூட்டாளிகளும் இதே வழியில் தசைக்குள் மையோசினைத் தேடினார்கள்.

டோக்கியோவில் எபாஷியின் குழு இந்த வழியைப் பிடித்துக்கொண்டது. 1966இல் ஒளிரும் ஆன்டிபாடியால் ட்ரோபோமையோசின், ட்ரோபோனின் சேர்ந்த கலவையின் இடத்தைத் தேடினார்கள். மெல்லிய இழைகள் இருக்கும் பகுதி என்று தெரிந்தது. அடுத்த வருஷம், 1967இல், இவாவோ ஓட்சுகி, மசாகி, நொனொமுரா, எபாஷி நால்வரும் ட்ரோபோனினுக்கு மட்டும் பொருந்தும் ஆன்டிபாடியைத் தசை இழையில் ஊற்றி, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அதில் சாயம் ஒளிர வேண்டிய அவசியம் இல்லை. ஆன்டிபாடி போய் ஒட்டிய இடம் தடித்து, கறுப்புக் கோடாகத் தெரியும்.

அவர்கள் பார்த்தது ஒரு கோடு அல்ல. ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி, சம இடைவெளியில், இழை நெடுக வரிசையாகக் கோடுகள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் சுமார் 40 நானோமீட்டர். இன்றைய துல்லியமான கணக்கில் 38 சொச்சம். ஒரு மில்லிமீட்டரை இருபத்தாறாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு.

என்னைக் கேட்டால், இந்தக் கதையில் எல்லாம் மாறிய இடம் இந்தப் படம்தான். அரைக்கும்போது வந்து ஒட்டிய அழுக்கு இப்படி அளந்து வைத்த மாதிரி உட்காராது. ஒரு ட்ரோபோமையோசினின் நீளத்துக்கு ஒரு ட்ரோபோனின், அந்த நீளத்துக்குள் ஏழு ஆக்டின் மணிகள் என்ற கணக்கும் இந்தக் கோடுகளோடு பொருந்தி வந்தது. கழுவிக் கொட்டிய அழுக்குக்கு முகவரி கிடைத்துவிட்டது.

மூன்று பேர், ஒரு குடும்பம்

1970களின் தொடக்கத்தில் கிரேசர், கெர்கேலி என்ற இருவர் ட்ரோபோனின் ஒரே புரதம் அல்ல, மூன்று புரதங்களின் கூட்டு என்று தெளிவாக்கினார்கள். கால்சியத்தைப் பிடிப்பது சி. பிடியைத் தடுப்பது ஐ. ட்ரோபோமையோசினோடு கட்டிவைப்பது டி. அப்பாவின் தாளில் இருந்த "ஐ" இதுதான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. கை கால் தசையில் இருக்கும் டியும் இதயத்தில் இருக்கும் டியும் ஒன்றல்ல. ஐயும் அப்படித்தான். அண்ணன் தம்பி முகம் மாதிரி. பெரும்பகுதி ஒன்றாக இருக்கும், சில இடங்களில் மட்டும் வித்தியாசம். இதய ஐயின் தலைப்பக்கத்தில் சுமார் 30 அமினோ அமிலங்கள் கூடுதலாக இருக்கின்றன. கை கால் தசையின் ஐயில் அவை இல்லை. இந்த வித்தியாசத்தை ஓர் ஆன்டிபாடி பிடித்துவிட்டால், ரத்தத்தில் மிதக்கும் ட்ரோபோனின் இதயத்திலிருந்து வந்ததா, இல்லையா என்று சொல்லிவிடலாம்.

முயலுக்கோ ஆட்டுக்கோ ஊசி போட்டு எடுக்கும் சீரத்தில் பல வகை ஆன்டிபாடிகள் கலந்திருக்கும். ஒன்று மூக்கைப் பார்க்கும், ஒன்று காதைப் பார்க்கும். அண்ணனையும் தம்பியையும் பிரித்தறிய அது போதாது. 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரு வழி கண்டார்கள். எலியின் ஆன்டிபாடி செய்யும் செல்லை, சாகாமல் பெருகும் புற்றுநோய்ச் செல்லோடு இணைத்தார்கள். ஒரே ஒரு இணைசெல்லிலிருந்து வளர்த்த கூட்டம் ஒரே ஒரு வகை ஆன்டிபாடியை மட்டும் தொடர்ந்து சுரக்கும். இதற்கு மோனோக்ளோனல் என்று பெயர். 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த முறைக்கு அவர்கள் காப்புரிமை வாங்கவில்லை.

இதயத்துக்கான சோதனைகள் 1980களின் இறுதியில் வந்தன. 1987இல் கம்மின்ஸும் குழுவும் இதய ட்ரோபோனின் ஐயை ரத்தத்தில் அளந்தார்கள். 1989இல் ஹைடல்பெர்க்கின் ஹியூகோ கேட்டஸும் குழுவும் இதய ட்ரோபோனின் டிக்கு ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வேலை செய்யும் விதம் சாண்ட்விச் மாதிரி. குழாயின் சுவரில் ஒட்டவைத்த முதல் ஆன்டிபாடி ட்ரோபோனினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் மேல் இரண்டாவது ஆன்டிபாடி வந்து உட்காரும். அதன் கையில் நிறம் காட்டும் நொதி. எவ்வளவு நிறமோ அவ்வளவு ட்ரோபோனின்.

கடுமையான தசைக்காயம், பொய்யான மாரடைப்பு

அந்த முதல் தலைமுறை டி சோதனையில் ஒரு குறை இருந்தது. பிடித்துவைக்கும் முதல் ஆன்டிபாடி இதய டியை மட்டும்தான் அறியும், அது சரி. ஆனால் நிறம் காட்டும் இரண்டாவது ஆன்டிபாடிக்குக் கை கால் தசையின் டியையும் கொஞ்சம் தெரியும். முதல் ஆள் வாசலில் சரியாக நிற்கும்போது இரண்டாவது ஆளின் தடுமாற்றம் என்ன செய்துவிடும் என்று நினைக்கலாம். ஆனால் தசை பெரிய அளவில் சிதைந்த ஒருவரின் ரத்தத்தில் தசை டி வெள்ளமாக இருக்கும். அதில் ஒரு பகுதி, யாரும் பிடிக்காமலே, குழாய்ச் சுவரில் தானாக ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது ஆன்டிபாடி வந்து அதன் மேலும் நிறம் காட்டிவிடும்.

விளைவு? இதயத்துக்கு ஒன்றும் ஆகாத ஆளுக்கு, கடுமையான தசைச் சேதத்தால் மட்டுமே, ட்ரோபோனின் ஏறியிருப்பதாக ரிப்போர்ட் வரும். அந்த எண்ணை நம்பினால் தேவையில்லாத மருந்து, தேவையில்லாத பயம். மருத்துவர்கள் இதைக் கவனித்துச் சொன்னார்கள். 1997 வாக்கில் வந்த இரண்டாம் தலைமுறைச் சோதனையில், இரண்டாவது இடத்திலும் இதய டியை மட்டும் அறியும் ஆன்டிபாடியை வைத்தார்கள். பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய, அமெரிக்க இதயவியல் அமைப்புகள் சேர்ந்து மாரடைப்பின் வரையறையையே திருத்தி, ட்ரோபோனினை அதன் நடுவில் வைத்தன.

இன்னொரு சங்கதி இதைவிட சுவாரசியமானது. கருவில் இருக்கும் குழந்தையின் கை கால் தசை, இதய வகை டியையும் கொஞ்சம் செய்கிறது. வளர வளர நிறுத்திவிடும. ஆனால் சில தசை நோய்களில், சேதமான தசை தன்னைப் புதுப்பிக்கும்போது அந்தப் பழைய வழக்கத்தை மறுபடி தொடங்குவது உண்டு. இங்கே ஆன்டிபாடி மேல் தப்பே இல்லை. அது தேடியது இதய டியை, கிடைத்ததும் இதய டிதான். இதயத்திலிருந்து வந்தது என்று முடிவு கட்டியது நாம்.

செல்லுக்குள் ஒளிரும் விளக்கு

ஆஸ்பத்திரிக்கு வெளியே, ஆய்வுக்கூடங்களிலும் ட்ரோபோனின் ஆன்டிபாடி தினசரி உழைக்கிறது. ஸ்டெம் செல்லை இதயச் செல்லாக வளர்க்கும் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் செல்கள் துடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் நூற்றில் எத்தனை இதயச் செல்லாக மாறின? செல்களை நிலைப்படுத்தி, மேல்தோலில் துளை ஏற்படுத்தி, இதய டிக்கான ஆன்டிபாடியை உள்ளே அனுப்பி, அதன் மேல் சாயம் பிணைத்த இன்னொரு ஆன்டிபாடியை ஊற்றினால், இதயச் செல்கள் உள்ளே வரிவரியாக ஒளிரும். ஒளிர்ந்தவற்றை எண்ணினால் கணக்கு கிடைத்துவிடும். 1967இல் பார்த்த அந்த 38 நானோமீட்டர் கோடுகள் இந்த நுண்ணோக்கிக்கு எட்டாது. இதில் தெரிவது அதைவிடப் பெரிய, தசையின் அடிப்படைப் பட்டைகள்.

அழகான படம்தான். ஆனால் அழகு சாட்சி ஆகாது. முதல் ஆன்டிபாடியை ஊற்றாமல் விட்ட தட்டு இருட்டாக இருந்ததா? பக்கத்திலேயே வளரும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் ஒளிராமல் இருந்தனவா? அந்த மரபணுவையே நீக்கிய செல்லில் ஊற்றிப் பார்த்தார்களா? கடைசியாகச் சொன்னதுதான் கறாரான பரீட்சை. தேடும் ஆளே இல்லாத வீட்டில் "இதோ இருக்கார்" என்று ஆன்டிபாடி சொன்னால், அதன் மற்ற சாட்சியங்களும் செல்லாது.

இது வெறும் நுணுக்கம் பேசுவது அல்ல. 2015இல் நேச்சர் இதழில் பிராட்பரி, புளுக்துன் ஆகியோரும் நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் சேர்ந்து, ஆய்வுக்கு விற்கும் ஆன்டிபாடிகளின் தரம் பற்றி எச்சரித்தார்கள். ஒவ்வொன்றின் அமினோ அமில வரிசையும் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். 2023இல் கனடாவை மையமாகக் கொண்ட ஒரு குழு, நரம்பியல் தொடர்பான 65 புரதங்களுக்கு விற்பனையில் இருந்த 614 ஆன்டிபாடிகளை, அந்தப் புரதம் நீக்கப்பட்ட செல்களோடு ஒப்பிட்டுச் சோதித்தது. பாதிக்கும் மேல், ஏதாவது ஒரு பயன்பாட்டிலாவது தோற்றன. தேடிய புரதத்தையே அறியாத ஆன்டிபாடிகளின் படங்கள், ஒரு புரதத்துக்குச் சராசரியாக 12 கட்டுரைகளில் ஏற்கெனவே அச்சாகியிருந்தன. அந்த 65இல் ட்ரோபோனின் இல்லை. ஆனால் பாடம் எல்லாருக்கும் பொது.

மறுபடியும் அந்த ரெண்டு தாள்

இப்போது அந்த டாக்டர் சொன்னது எனக்குப் புரிகிறது. ட்ரோபோனின் ஐ ரத்தத்தில் முழுசாக மட்டும் மிதப்பதில்லை. சியோடு சேர்ந்தும், துண்டு துண்டாக உடைந்தும் வரும். ஒரு கம்பெனியின் ஆன்டிபாடி அதன் நடுப்பகுதியைப் பிடிக்கும், இன்னொன்று வேறு ஒரு பகுதியைப் பிடிக்கும். ஒரே ரத்தத்தில் இரண்டும் வேற வேற எண் சொல்வதில் வியப்பில்லை. அதனால்தான் ஒவ்வொரு கிட்டுக்கும் தனி எல்லை, அதனால்தான் அதே மெஷினில் சில மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பது. ஒற்றை எண்ணைவிட அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதுதான் மாரடைப்பைச் சொல்லும். உங்கள் வீட்டிலும் இப்படி ரெண்டு தாள் வந்தால், முதலில் அலகைப் பாருங்கள், பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையைப் பாருங்கள், மீதியை டாக்டரிடம் கேளுங்கள். நெஞ்சு வலி என்றால் இதையெல்லாம் படித்துக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எபாஷி 2006இல் காலமானார். சுத்தமாக்கும்போது தொலைந்துபோன கட்டுப்பாட்டைத் தேடித்தான் ட்ரோபோனினுக்கு வந்து சேர்ந்தார் அவர். "என் கலவையில் எனக்குத் தெரியாமல் என்ன இருக்கிறது, எது இல்லாமல் போனது?" என்ற கேள்விதான் அவரை அங்கே கொண்டு வந்தது. ரிங்கர் தன் தண்ணீரைப் பற்றிக் கேட்டதும் அதுதான். கை கால் தசையின் டியைப் பார்த்து ஏமாந்த சோதனையைத் திருத்தியவர்கள் தங்கள் குழாயைப் பற்றிக் கேட்டதும் அதுதான்.

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். ராத்திரி லேட்டாகப் பூரி சாப்பிடுவதை மட்டும் நிறுத்தியிருக்கிறார். அந்த ரெண்டு தாளையும் ஃபைலில் ஒன்றாகக் குத்தி வைத்திருக்கிறேன். ஒன்றின் மேல் பென்சிலால் "மில்லிக்கு" என்றும், இன்னொன்றின் மேல் "லிட்டருக்கு" என்றும் எழுதியிருக்கிறேன். கீழே சின்னதாக: "கிட் வேற."